ஆள் இருக்கு

கேட்டது பதினாறே பதினாறு இடம். அதற்கும் 'ஆள் இருக்கு' என்று பதில் வந்தது.

படுக்கையறை நாற்காலியில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். லேப்டாப்பிலிருந்து ஒரு கேபிள் கட்டிலைச் சுற்றிக்கொண்டு மூச்சு மிஷினுக்குப் போனது. மிஷினிலிருந்து ஒரு குழாய் அவள் கணவரின் தொண்டையில் போட்டிருந்த துளைக்குப் போனது. காலை பத்து மணி, ஜன்னல் நிறைய வெயில், தெருவில் யாரோ காரைப் பின்னால் எடுக்கும் சத்தம். பயப்படுவதற்கு அந்த அறையில் ஒன்றுமே இல்லை. அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

அவள் வேலை டிரைவர் எழுதுவது. சேர்ந்த புதிதில் அலுவலக வாட்ச்மேனிடம் இதைச் சொல்லப்போய், "லாரியாம்மா, காரா?" என்று அவர் கேட்டதில் இன்றுவரை அவள் பெயர் டிரைவரம்மா. லாரியும் இல்லை, காரும் இல்லை. கம்ப்யூட்டரின் ஆக அடியில் கர்னல் என்று கண்காணிப்பாளர் மாதிரி ஒன்று இருக்கிறது. எந்தக் கருவியும் அதனிடம் நேராகப் போய்ப் பேச முடியாது. ஒவ்வொரு கருவிக்காகவும் பேசுகிற ஆள்தான் டிரைவர். அது போய் முதலில் செய்ய வேண்டிய காரியம் இடம் கேட்பது. இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை எனக்கு வேண்டும், என் பெயர் இன்னது. கர்னல் தன் பட்டியலைப் பார்க்கும். காலியாக இருந்தால் பெயரை எழுதிக்கொண்டு கொடுத்துவிடும். இல்லாவிட்டால் இல்லை.

சும்மா சொல்லக்கூடாது, கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறார்களே, அதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. துண்டு யாரையும் தடுக்காது. எடுத்துக் கீழே போட்டுவிட்டு உட்கார யாராலும் முடியும். உட்காராமல் நிற்பது ஒரு மரியாதை, அவ்வளவுதான். கர்னலுக்குள்ளே இத்தனை டிரைவர்கள் ஒன்றையொன்று மிதிக்காமல் ஓடிக்கொண்டிருப்பது அந்த ஒரு மரியாதையில்தான். ஆள் இருந்தால் கர்னல் சொல்கிற பதில்கூட வெறும் எண்தான், மைனஸ் பதினாறு. எண்ணைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், நடப்பதையெல்லாம் வரிவரியாகக் குறித்துவைக்கும் லாகில் அதற்குப் பதிலாக 'ஆள் இருக்கு' என்று வரும்படி எழுதி வைத்திருந்தவள் அவளேதான்.

கட்டிலில் இருந்தவர் குருவி. நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர். விசிலை வாயிலிருந்து எடுக்கவே மாட்டார் என்பதால் குளத்துப் பிள்ளைகள் வைத்த பெயர் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. கல்யாணமான புதிதில் தண்ணீருக்கடியில் போய் மூன்று நிமிடம் உட்கார்ந்துகொள்வார். மேலே இவள் கைகால் பதறி நிற்பாள். சிரித்துக்கொண்டே வெளியே வந்து, "நாலு நிமிஷம் ஆனா மட்டும் பயப்படு" என்பார். அப்பேர்ப்பட்ட நெஞ்சுதான் இப்போது தானாக ஒரு மூச்சு இழுக்க முடியாமல் கிடந்தது. தசைகளை ஒவ்வொன்றாகத் தின்கிற நோய் அது. கால் போயிற்று, கை போயிற்று, குரல் போய் ஒன்பது மாதம். மிச்சம் இருந்தவை கண்ணும் உதடும் வலது கை மோதிர விரலும். அந்த விரலை அசைத்து மோதிரத்தைக் கட்டில் கம்பியில் தட்டித்தான் அவளைக் கூப்பிடுவார். இரண்டு தட்டு வேகமாக, ஒரு இடைவெளி, அப்புறம் ஒன்று. டக்டக். டக். எந்த அறையில் இருந்தாலும் அவள் காது அதைப் பிடித்துவிடும்.

மூச்சு மிஷினுக்குள்ளேயும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் உண்டு. மிஷின் அவள் கம்பெனி செய்வது, அதன் டிரைவர் அவள் எழுதியது. சோதனைக்கு வைத்திருந்த ஒன்றைக் கெஞ்சி வாங்கி வீட்டில் போட்டிருந்தாள். மற்ற மிஷின்களில் டிரைவரின் பெயர் என்ற இடத்தில் கம்பெனியின் பெயர் இருக்கும். வீட்டு மிஷினில் மட்டும் 'குருவி' என்று எழுதி, பட்டியலைத் திறந்து அவரிடம் காட்டினாள். அவர் உதட்டை அசைத்து, "இடம் பிடிச்சிட்டியா?" என்றார்.

இரண்டு வாரமாக மிஷின் தடுக்கியது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே அரை நொடி, ஒரு நொடி நின்று யோசிக்கும். நெஞ்சின் அளவுகளைக் குறித்து வைக்க டிரைவருக்கு இடம் போதவில்லை என்று கண்டுபிடித்தாள். குருவியின் இடத்தை ஒட்டி இன்னும் பதினாறு எண்கள் கிடைத்தால் தீர்ந்தது. அலுவலகத்தில் நான்கு மிஷின்களில் சோதித்தாள், நான்கும் கேட்டவுடன் கொடுத்தன. வீட்டு மிஷின் கொடுக்கவில்லை.

பட்டியலைத் திறந்தாள். குருவியின் வரிக்குக் கீழே அதே பதினாறு எண்களை யாரோ எடுத்திருந்தார்கள். எடுத்தவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

மிஷினை நிறுத்திப் போட்டால் பட்டியல் மொத்தமும் அழிந்து புதிதாக எழுதப்படும். நிறுத்திப் போட நாற்பது நொடி ஆகும். அந்த நாற்பது நொடியும் குழாயைக் கழற்றி, ரப்பர் பையை மாட்டி, கையால் அமுக்கி அமுக்கி அவருக்கு மூச்சுக் கொடுக்க வேண்டும். பகலில் பார்த்துக்கொள்ள வரும் நர்சம்மா பையை அமுக்க, இவள் நிறுத்திப் போட்டாள். பெயரில்லாத வரி அங்கேயே இருந்தது. மறுபடி செய்தாள். மூன்றாம் முறையும் செய்தாள்.

"கை விட்டுப்போச்சும்மா. இன்னிக்கு இது போதும்" என்றார் நர்சம்மா.

அலுவலகத்தில் மிஷினின் சர்க்யூட் போர்டை வடிவமைத்தவருக்கு சால்டர் அண்ணன் என்று பெயர். கீழ்த்தளத்தில் ஜன்னலே இல்லாத அறையில், எந்நேரமும் சால்டர் பற்றவைக்கும் ஈயப் புகை நடுவே உட்கார்ந்திருப்பார். அவளைக் கண்டதும், "வாம்மா, இன்னிக்கு யார் குடியக் கெடுக்க வந்த?" என்றார்.

"குருவிக்குப் பக்கத்துல இருக்கற பதினாறுல என்னண்ணே வச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்ல. அங்க சிப்பே கிடையாது. காலி மனை."

"ஆள் இருக்குன்னு சொல்லுது."

"பேரு?"

"பேரு இல்ல."

அவர் சிரித்தார். "உன் பழைய டிரைவராத்தான் இருக்கும். போகும்போது எடத்த விட்டுட்டுப் போகல. எறங்கிப் போனவன் துண்டு, அவ்ளோதான்."

"அப்படின்னா நிறுத்திப் போட்டப்பவே போயிருக்கணுமே. மூணு தடவ போட்டேன்."

சிரிப்பு நின்றது. சூடான கம்பியைப் பஞ்சில் துடைத்து, தாங்கியில் வைத்தார். "போயிருக்கணும்" என்றார். பிறகு, "யாருதுன்னு தெரியாம கை வைக்காத. மிஷினைக் கொண்டா, பிரிச்சுப் பாத்துடலாம்."

கொண்டுவருவதென்றால் மாற்று மிஷின் வேண்டும். வந்துசேரப் பத்து நாள் என்றார்கள். அவளிடம் பத்து நாள் இல்லை. அன்று சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரத்தில் மிஷின் ஆறு நொடி நின்றது. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே அவள் ரப்பர் பையைத் தேடினாள், பை கட்டிலுக்கடியில் உருண்டு கிடந்தது, அதை எட்டி எடுப்பதற்குள் அவர் உதடு நீலமாகிவிட்டது. மிஷின் தானாகவே மறுபடி ஓடத் தொடங்கியது. அவர் அவளைப் பார்த்தார். பயப்படாதே என்று சொல்லும் பார்வை அது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஒரே ஒரு வரி எழுதினால் போதும். இந்தப் பதினாறையும் விடு என்று சொல்கிற வரி. அதில் ஒரு விசேஷம் உண்டு. விடச் சொல்வது யார் என்று கர்னல் கேட்காது. தன்னுடைய இடத்தைத்தான் ஒருவர் விடுவார் என்று அது நம்புகிறது. டிரைவர் எழுதுகிறவர்கள் அடுத்தவர் இடத்தில் அந்த வரியைப் போடுவதே இல்லை. அவள் இருபது வருடத்தில் ஒருமுறைகூடப் போட்டதில்லை. இறங்கிப் போனவன் துண்டு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு விசையை அழுத்தினாள்.

பெயரில்லாத வரி போய்விட்டது. அந்த இடத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு குருவியின் வரி நீண்டது. மிஷின் ஒரு தடங்கல் இல்லாமல் ஏறி இறங்கியது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தபோதுதான் அந்த வாடை வந்தது. வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் ஒரு காற்று முகத்தில் வந்து மோதுமே, அது. ஜன்னல் எல்லாம் திறந்துதான் இருந்தது. அவரைப் பார்த்தாள். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் கண்கள் மெல்லக் கீழே இறங்கி, மிஷினிலிருந்து கட்டில் ஓரமாக வந்து, அவளைத் தாண்டி, கதவு வரை போயின. நடந்து போகிற ஒருவரைப் பார்ப்பது போல நிதானமாகப் போயின.

"என்னங்க?" என்றாள்.

அவர் உதடு, "யாரு அது?" என்றது.

மறுநாள் வெள்ளிக்கிழமை அவள் விடுப்பில் வீட்டிலேயே இருந்தாள். மிஷின் வெண்ணெய் மாதிரி ஓடியது. மத்தியானம் அவள் கை கழுவப் போனபோது குளியலறை உள்ளே தாழ் போட்டிருந்தது. நர்சம்மா இருக்கிறார் என்று திரும்பி வந்தாள். நர்சம்மா சமையலறையில் குருவியின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க உள்ள இல்லையா?"

"நான் இங்கதானே இருக்கேன்."

இருவரும் போய் நின்றார்கள். கட்டிலைவிட்டு எழ முடியாத ஒருவரையும் சேர்த்து வீட்டில் மூன்றே பேர். நர்சம்மா கதவைத் தட்டி, "யாரு உள்ள?" என்று அதட்டினார். பதில் இல்லை. ஆனால் உள்ளே ஒருவர் பேசாமல் நின்றால் கதவுக்கு இந்தப் பக்கம் எப்படித் தெரியுமோ அப்படித் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாள் நகர்ந்தது. அவசரமே இல்லாமல், உரசிக்கொண்டு. கதவு விரலளவு திறந்தது. உள்ளே யாரும் இல்லை, தரை காய்ந்து கிடந்தது, அந்தப் பூட்டிக் கிடந்த வாடை மட்டும் இருந்தது.

"தாழ்ப்பாள் லூசா இருக்கு" என்றாள் அவள். நர்சம்மா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

லூசான தாழ்ப்பாள் தானாக விழலாம், தானாக எழுந்து திறக்குமா? கேட்டுக்கொள்ள அவளுக்குத் துணிவில்லை. சாயங்காலம் படுக்கையறை நாற்காலியில் உட்காரப் போனவள் சட்டென்று எழுந்துவிட்டாள். இருக்கை சூடாக இருந்தது. அப்போதுதான் யாரோ எழுந்து போன சூடு.

சனிக்கிழமை காலை வந்த நர்சம்மா பத்து நிமிடத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"நான் கிளம்பறேம்மா. வேற ஆள் பாத்துக்குங்க."

"என்னாச்சு? என்கிட்ட சொல்லுங்க."

"சார் கட்டில்ல, சார் பக்கத்துல மெத்தை அமுங்கி இருக்கு. ஆள் படுத்த மாதிரி. நான் துணிய இழுத்து விட்டேன். அது..." அவர் எச்சில் விழுங்கினார். "அது தள்ளிப் படுத்துச்சும்மா. சாரை ஒட்டி."

படி இறங்கிப் போகும் செருப்புச் சத்தம் தெருமுனை வரை ஓட்டமாகக் கேட்டது.

அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். மெத்தையில் அவர் ஒருவர்தான் இருந்தார். கண் விரிந்திருந்தது. நெற்றி முழுக்க வியர்வை. மோதிரம் கம்பியில் விடாமல் தட்டிக்கொண்டிருந்தது, டக்டக், டக், டக்டக், டக். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டதும் அவர் உதடு அசைந்தது. "இடம் இல்லை" என்றார். "நெருக்குது."

அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள். லேப்டாப்பைத் திறந்தாள். பட்டியலில் பெயரில்லாத வரி மறுபடி இருந்தது. வேறிடத்தில். மிஷினின் சின்னத் திரைக்கு உரிய எண்கள் நடுவே, பதினாறு. நிமிர்ந்து பார்த்தபோது அந்தத் திரை இருண்டு கிடந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாள். திரை எரிந்தது. வரி நகர்ந்து, ஆபத்து மணிக்கு உரிய இடத்தில் உட்கார்ந்திருந்தது. அவள் மணியைச் சோதித்தாள். அடிக்கவில்லை. ஒவ்வோர் இடமாக அமர்ந்து பார்த்து எழுந்து போய்க்கொண்டிருந்தது அது. வீட்டிலும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

பிடுங்கிய பதினாறையும் திருப்பிக் கொடுத்தாள். டிரைவரைப் பழையபடி ஆக்கி, அந்த இடத்தைக் காலி செய்து, "வந்துடு, உன் எடம்தான், வந்து உக்காந்துக்கோ" என்று வாய்விட்டே சொன்னாள். மிஷினின் பேரில் சத்தியமாகச் சொன்னாள், அழுதுகொண்டே சொன்னாள். காலி இடம் காலியாகவே கிடந்தது. யாரும் வரவில்லை.

சால்டர் அண்ணனுக்கு போன் செய்தாள். "அண்ணே, கை வச்சுட்டேன்."

"எப்ப?"

"வியாழக்கிழமை."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "இப்ப எங்க இருக்கு?" என்றார்.

என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை என்பதும், அவளும் அதை விசித்திரமாக நினைக்கவில்லை என்பதும் போனை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நாளை சாயங்காலம் வேறு மிஷின் எடுத்துவருவதாகச் சொல்லியிருந்தார். அதுவரை எதையும் தொடாதே என்றும் சொல்லியிருந்தார். இரவு முழுக்க அவள் கட்டில் கம்பியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை.

விடிந்தது. பால்காரர் வந்து போனார். மேல்மாடியில் யாரோ மேசையை இழுத்தார்கள். சாதாரண ஞாயிற்றுக்கிழமை. வீடு சும்மா இருந்தது. குளியலறைக் கதவு அகலத் திறந்து கிடந்தது, நாற்காலி சில்லென்று இருந்தது, வாடைகூட இல்லை. போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்தாள். நினைத்தவுடன் தூக்கம் வந்துவிட்டது. கம்பியில் தலையைச் சாய்த்தபடியே தூங்கிப்போனாள்.

விழித்தபோது மணி மூன்று. வெயில் சுவரில் ஏறியிருந்தது. மிஷின் ஓடியது. ஏதோ ஒன்று குறைந்தது. கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டபிறகுதான் என்னவென்று புரிந்தது. மோதிரச் சத்தம். காலையிலிருந்து அவர் தட்டவே இல்லை.

அவர் விழித்துத்தான் இருந்தார். அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண் இமைக்கவில்லை.

"ஏங்க?"

உதடு அசையவில்லை. நெஞ்சு ஏறி இறங்கியது. அவள் வைத்திருந்த கணக்கு நிமிடத்துக்குப் பதினான்கு மூச்சு. எண்ணினாள். ஐந்துதான். ஒவ்வொன்றும் நீளமாக, ஆழமாக, விலா எலும்பு விரிய. நல்ல இடத்தில் கையைக் காலை நீட்டிப் படுத்தவன் விடுகிற மூச்சு.

லேப்டாப்பைத் திறந்தாள். பட்டியலில் குருவியின் வரி இல்லை. அந்த இடம் முழுவதும், பம்பு, வால்வு, நெஞ்சின் அளவு எல்லாம், ஒரே வரியாக இருந்தது. பெயர் இல்லை.

லாக் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

குருவி கேட்கிறது: ஆள் இருக்கு.
குருவி கேட்கிறது: ஆள் இருக்கு.

ஓர் இடைவெளி.

குருவி கேட்கிறது: ஆள் இருக்கு.

மேலே ஏற்றிப் பார்த்தாள். காலை எட்டு மணியிலிருந்து அப்படித்தான். இரண்டு வேகமாக. இடைவெளி. ஒன்று. இரண்டு வேகமாக. இடைவெளி. ஒன்று. டிரைவர் ஒருமுறை கேட்டு, இல்லை என்றால் நின்றுவிடும். திரும்பத் திரும்பக் கேட்கும்படி அவள் எழுதவே இல்லை. எழுதியிருந்தாலும் இந்தக் கணக்கில் யார் எழுதுவார்கள்? அவள் தூங்கிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். தன் இடத்துக்கு வெளியே நின்றுகொண்டு.

அவள் எழுந்தாள். கை வேலை செய்தது. ரப்பர் பை. குழாயைக் கழற்றினாள், பையைத் தொண்டைத் துளையில் மாட்டினாள். இடது கையில் பை, வலது கை லேப்டாப் விசையின் மேல். விடச் சொல்லும் அதே வரி. பிடுங்கிய கணத்தில் இவள் கையால் மூச்சுக் கொடுத்தால் அவர் வந்துவிடுவார். வந்துதான் ஆக வேண்டும்.

பையை அமுக்கப் போனாள்.

பை தானாக ஒடுங்கியது.

மெல்லச் சுருங்கியது. மெல்ல உப்பியது. அவள் விரல்கள் அதன் மேல் சும்மா இருந்தன. அந்தப் பக்கத்திலிருந்து இழுத்தது. விட்டது. இழுத்தது. காற்று சூடாக அவள் உள்ளங்கையில் பட்டது.

அழுத்தினாள் விசையை.

பை கையில் செத்தது. பட்டியலில் அந்த வரி காலியானது. அவர் கண் இமைத்தது. ஒருமுறை. இன்னொருமுறை. அவர்தான். நீர் தளும்பிற்று. மோதிரம் கம்பியில் பட்டது. டக்டக்.

"இதோ, இதோ இருக்கேன்" என்று அவள் பையை அமுக்கினாள். காற்று உள்ளே போனது. நெஞ்சு ஏறியது. ஏறிய இடத்திலேயே நின்றது. கண்ணில் இருந்த நீர் அப்படியே இருக்க, பார்வை மட்டும் போய்விட்டது. திரையில் வரி மறுபடி நிறைந்தது. பெயர் இல்லை.

மறுபடி அழுத்தினாள். அவர் வந்தார். இம்முறை பையை அமுக்கவில்லை. அவர் வாய் மீனைப் போலத் திறந்து திறந்து மூடியது. மூன்று நிமிடம் தாங்கின நெஞ்சு. பத்து நொடி. அவள் அவர் முகத்தைக் கையால் ஏந்திக்கொண்டாள். இருபது நொடி. உதடு நீலம். அந்த உதடு அசைந்தது. "போதும்" என்றது. இல்லை, "போகாதே" என்றதா? பார்த்துச் சொல்ல முடியவில்லை, அவள் கண் மறைத்தது. முப்பது. விரல் நகமெல்லாம் கருத்தது. அவளால் முடியவில்லை. சாகவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க எந்த மனைவியால் முடியும்? அமுக்கினாள்.

அது வந்து அமர்ந்தது.

கொடுக்கிற ஒவ்வொரு மூச்சும் அதற்குத்தான் போகிறது. மூச்சில்லாத உடம்பில்தான் அவர் வருகிறார். விசை இன்னும் அவள் விரலுக்கடியில் இருந்தது. இன்னும் ஒருமுறை அழுத்தினால் இன்னும் ஒரு முப்பது நொடி அவரைப் பார்க்கலாம். அதற்கு மேல் இல்லை.

சால்டர் அண்ணன் வர இன்னும் இரண்டு மணி நேரம். வந்துதான் என்ன செய்வார்?

"எழுந்திரு" என்றாள் அதனிடம். "உன் எடத்த அன்னிக்கே குடுத்துட்டேன். இது அவரு எடம். எழுந்திரு."

கட்டிலில் இருந்த முகம் அவள் பக்கம் திரும்பியது. ஒன்றரை வருடமாகத் திரும்பாத கழுத்து. உதடு பிரிந்தது. ஒன்பது மாதமாக ஒலியே வராத தொண்டை, துளை போட்டு, அந்தத் துளையில் பையும் மாட்டியிருந்த தொண்டை. அதிலிருந்து குரல் வந்தது. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொல்வாரே, கோபமும் இல்லாமல், இரக்கமும் இல்லாமல், அப்படி.

"ஆள் இருக்கு."

லாக் ஓடியது. அவள் கண்ணை அதிலிருந்து எடுக்கவில்லை.

குருவி கேட்கிறது: ஆள் இருக்கு.
குருவி கேட்கிறது: ஆள் இருக்கு.

ஓர் இடைவெளி.

குருவி கேட்கிறது: ஆள் இருக்கு.

"கேக்குதுங்க" என்றாள் திரையிடம். "எனக்குக் கேக்குது."

இடைவெளிகள் நீண்டன. வெயில் சுவரைவிட்டு இறங்கியது. தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடினார்கள்.

குருவி கேட்கிறது: ஆள் இருக்கு.
குருவி கேட்கிறது: ஆள் இருக்கு.

ஓர் இடைவெளி.

அவள் காத்திருந்தாள். மூன்றாவது தட்டுக்காக. ஒரு நிமிடம். இரண்டு. மூன்று. நான்கு நிமிடம் ஆனது.

திரையில் ஒன்றும் வரவில்லை. அவள் இடது கையில் பை சூடாக ஒடுங்கியது, உப்பியது. ஒடுங்கியது, உப்பியது.